பிரிட்டனின் பான்டமைம்: கேலிக்கூத்தில் தெரியும் ஒரு சமூகம்

மேடையில் ஒரு நீளமான பெஞ்சு. மூன்று பேர் அதில் உட்கார்ந்து, பயம் தெரியாமல் இருக்கப் பாடிக்கொண்டிருக்கிறார்கள். பின்னாலிருந்து ஒரு பேய் மெதுவாக வருகிறது. அரங்கிலுள்ள குழந்தைகள் அனைவரும் தொண்டை கிழிய, “உங்களுக்குப் பின்னால்!” என்று கத்துகிறார்கள். மூவரும் எழுந்து பெஞ்சைச் சுற்றி வந்து பார்க்கிறார்கள். பேயும் அவர்கள் முதுகை ஒட்டியபடியே சுற்றி வருகிறது. “யாரும் இல்லையே” என்று மறுபடி உட்கார்ந்து பாட்டைத் தொடர்கிறார்கள். பேய் ஒருவரைத் தூக்கிப் போகிறது, பிறகு இன்னொருவரை. மிஞ்சியிருப்பவர், பெண் வேடமிட்ட நடுவயது ஆண். அவர் திரும்பிப் பேயின் முகத்தை நேருக்கு நேர் பார்க்கிறார். அவருடைய முகத்தைப் பார்த்த பேய்தான் அலறிக்கொண்டு ஓடுகிறது.

பிரிட்டனில் கிறிஸ்துமஸ் சமயத்தில் பெருநகரத்து அரங்குகள் முதல் கிராமத்துச் சமூகக்கூடங்கள் வரை ஆயிரக்கணக்கான முறை அரங்கேறும் காட்சி இது. இந்த நாடக வகையின் பெயர் பான்டமைம், செல்லமாகப் பான்டோ. வெள்ளைச் சாயம் பூசிய முகத்தோடு, இல்லாத சுவரைத் தடவிக் காட்டும் மௌன நடிப்பை இதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். இங்கே மௌனத்துக்கு இடமே இல்லை. நடிகர்களும் கத்துவார்கள், பார்வையாளர்களும் கத்துவார்கள்.

கதைகள் ஒரு கைப்பிடிக்குள் அடங்கிவிடும். சிண்ட்ரெல்லா, அலாவுதீன், டிக் விட்டிங்டன், ஜாக்கும் அவரைக்கொடியும், மதர் கூஸ், தூங்கும் அழகி, இன்னும் சில. பாத்திரங்களும் ஏறக்குறைய நிலையானவை. டேம் என்னும் வயதான பெண் பாத்திரத்தில் ஓர் ஆண் நடிப்பார். பிரின்சிபல் பாய் எனப்படும் கதாநாயகனாக, மரபுப்படி, ஓர் இளம்பெண் நடிப்பார். தேவதை பார்வையாளருக்கு இடப்புறத்திலிருந்தும் வில்லன் வலப்புறத்திலிருந்தும் வர வேண்டும். வில்லன் தலையைக் காட்டியதும் அரங்கமே ஊளையிட வேண்டும். இரண்டு பேர் ஒரே தோலுக்குள் புகுந்து பசுவாக வருவார்கள். ஒத்திகைகளில் நாடகத்தின் கடைசி ஈரடியைச் சொல்லக் கூடாது, சொன்னால் ஆகாது என்ற நம்பிக்கை கூட நடிகர்களிடையே உண்டு.

இவ்வளவு இறுகிய அச்சு சமூகத்தை எப்படிக் காட்டும் என்று கேட்கலாம். அச்சு இறுகியிருப்பதால்தான் காட்டுகிறது. சிண்ட்ரெல்லாவின் கதை இருநூறு ஆண்டுகளாக ஒன்றுதான். அந்தந்த ஆண்டு அதற்குள் புகுந்த நகைச்சுவை, யாரைக் கேலி செய்தார்கள், யாருக்காகக் கண்ணீர் விட்டார்கள் என்பதில்தான் வேறுபாடு. சில வாரங்களில் தயாராகி, ஜனவரியில் மடித்து வைக்கப்பட்டுவிடும் இந்த நாடகங்களை யாரும் காலத்தை வெல்வதற்காக எழுதவில்லை. ஆகவே அவற்றில் ஒப்பனை குறைவு. பெரிய இலக்கியங்களில் ஒரு சமூகம் தன்னைப் பற்றி என்ன நினைக்க விரும்பியது என்று தெரியும். பான்டோவில், யாரும் கவனிக்காதபோது அது எதற்குச் சிரித்தது என்று தெரியும்.

இதன் வேர் இத்தாலியில் இருக்கிறது. கொமெடியா டெல்லார்டே என்ற முகமூடி நாடகத்தின் ஹார்லெக்வின் முதலான பாத்திரங்கள் 18-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் லண்டன் மேடைக்கு வந்து சேர்ந்தன. ஜான் ரிச் என்ற நாடக முதலாளி தானே ஹார்லெக்வினாக நடித்துப் பெரும் பணம் பார்த்தார். அவருடைய ஹார்லெக்வின் பேசமாட்டான். உடம்பால் எல்லாவற்றையும் சொல்லிவிடுவான். அவன் கையிலிருக்கும் மரத் தட்டையால் மேடைப் பொருள்களைத் தட்டினால் அவை வேறொன்றாக மாறும்.

பிற அரங்குகளும் பேசாமல் நடித்ததற்குக் கலைக் காரணம் மட்டும் இல்லை. லண்டனில் வசன நாடகம் நடத்தும் உரிமை அரச அனுமதி பெற்ற இரண்டே அரங்குகளிடம், ட்ரூரி லேனிடமும் கோவென்ட் கார்டனிடமும், இருந்தது. பிரதமர் ராபர்ட் வால்போலை மேடைகளில் கிழித்துத் தொங்கவிட்டதன் எதிர்வினையாக 1737-இல் வந்த சட்டம் அந்த ஏகபோகத்தை இறுக்கியது. புதிய நாடகங்களை லார்ட் சேம்பர்லின் என்னும் அரண்மனை அதிகாரியின் தணிக்கைக்கு முன்கூட்டியே அனுப்ப வேண்டும் என்றும் ஆக்கியது. மற்ற அரங்குகள் ஆடலாம், பாடலாம், குட்டிக்கரணம் அடிக்கலாம்; வசன நாடகம் மட்டும் போடக் கூடாது. சில அரங்குகளில் வசனத்தைத் துணிச்சுருளில் எழுதித் தூக்கிப் பிடித்தார்கள். பேசத் தடை விதித்தால் சைகையால் திட்டலாம் என்பதைக் கண்டுபிடிக்க நடிகர்களுக்கு அதிக நாள் ஆகவில்லை.

அப்படித் திட்டுவதில் மன்னன், ஜோசப் கிரிமால்டி. 1778-இல் லண்டனில் பிறந்தவர். நடை பழகும் வயதிலேயே மேடையேறியவர். 1806 டிசம்பரில் கோவென்ட் கார்டனில் மதர் கூஸ் கதையில் கோமாளியாக அவர் நடித்த பான்டமைம் 92 முறை மேடையேறியது. அதற்கு முன் ஹார்லெக்வினைச் சுற்றியே நடந்த ஆட்டம், அவருக்குப் பிறகு கோமாளியைச் சுற்றி நடந்தது.

அவருடைய ஒரு காட்சியைச் சற்று அருகில் சென்று பார்க்கலாம். நெப்போலியனோடு போர் நடந்துகொண்டிருந்த காலம். ஹுஸ்ஸார் குதிரைப்படையின் சீருடை, தங்கச் சரிகையும் ரோமத் தொப்பியும் தோளில் தொங்கும் மேலங்கியுமாக அபத்தத்தின் எல்லையைத் தொட்டிருந்தது. நாட்டை ஆண்ட ரீஜன்ட் இளவரசருக்கே சீருடைப் பித்து உண்டு. 1812-ஆம் ஆண்டு பான்டமைம் ஒன்றில் கிரிமால்டி மேடைக்கு வந்து, கண்ணில் பட்ட வீட்டுச் சாமான்களை எடுத்து உடுத்திக்கொள்ளத் தொடங்கினார். கணப்பு அடுப்புக்குக் கரி அள்ளி வைக்கும் வாளிகள் இரண்டு காலணிகளாயின. பெண்கள் குளிருக்குக் கைகளை நுழைத்துக்கொள்ளும் ரோம உறை தலையில் ஏறித் தொப்பியானது. முடித்துவிட்டு நிமிர்ந்து நின்றபோது அங்கே நின்றது ஒரு முழு ஹுஸ்ஸார் அதிகாரி. ஒரு வார்த்தையும் பேசவில்லை. தணிக்கை அதிகாரி எந்த வரியை வெட்டுவார்?

1843-இல் ஏகபோகம் ஒழிந்தது. எல்லா அரங்குகளும் பேசலாம் என்றானது. மௌன ஆட்டம் சிலேடைகளும் பாட்டும் நிறைந்த கதை நாடகமாக மாறியது. ஹார்லெக்வின் மெல்ல ஓரத்துக்குப் போய், நூற்றாண்டு முடிவதற்குள் ஏறக்குறைய காணாமலே போனான். தணிக்கை மட்டும் 1968 வரை நீடித்தது. எழுதிய வசனத்தைத்தான் தணிக்கைக்கு அனுப்ப முடியும். அன்றைய இரவில் நடிகரின் வாயில் வந்து விழுவதை யார் அனுப்புவது? பான்டோ நடிகர்கள் எழுத்தை விட்டு விலகிப் பேசுவதில் இன்றும் பெருமைப்படுகிறார்கள். அந்தப் பெருமையில் பழைய சட்டச் சிக்கலுக்கும் ஒரு பங்கு உண்டு என்பது என் எண்ணம்.

விக்டோரியா காலத்தில்தான் இன்று நாம் காணும் பான்டோ உருவானது. 1871-இல் கிறிஸ்துமஸுக்கு மறுநாள் சட்டப்படி பொது விடுமுறையாயிற்று. குடும்பத்தோடு போய்வர ஒரு கேளிக்கை வேண்டும். ட்ரூரி லேனின் நிர்வாகி அகஸ்டஸ் ஹாரிஸ் அதைப் பிரம்மாண்டமாகக் கொடுத்தார். அலிபாபா கதையில் நாற்பது திருடர்களும் ஒவ்வொருவராகத் தத்தம் பரிவாரத்தோடு ஊர்வலம் வருவார்கள். இந்த ஆடம்பரத்துக்கு நடுவே, கதைகள் எதைப் பற்றிப் பேசின என்று பாருங்கள்: கடன், வாடகை, வேலைக்காரர் வாழ்க்கை, ஊரை விட்டுப் பிழைக்கப் போதல்.

டிக் விட்டிங்டனை எடுத்துக்கொள்வோம். வரலாற்றிலுள்ள ரிச்சர்ட் விட்டிங்டன் குளோஸ்டர்ஷயரின் வசதியான குடும்பத்துப் பிள்ளை. துணி வணிகம் செய்து, மன்னர்களுக்கே கடன் கொடுத்து, லண்டன் மேயராகப் பலமுறை இருந்து, 1423-இல் இறந்தார். பான்டோவின் டிக் அப்படியல்ல. லண்டன் தெருக்களில் தங்கம் பாவியிருக்கிறது என்று கேள்விப்பட்டு, ஒரு மூட்டையும் ஒரு பூனையுமாக நடந்து வரும் ஏழைப் பையன். 1801-இல் சுமார் 10 லட்சம் பேர் வாழ்ந்த லண்டன், 1901-இல் சுமார் 65 லட்சம் பேரின் நகரமாகியிருந்தது. அந்த அரங்குகளின் மலிவான மேல்மாட இருக்கைகளில் அமர்ந்திருந்த பலரும், அல்லது அவர்களின் பெற்றோரும், அதே கனவோடு அதே சாலையில் வந்தவர்கள்தாம். தெருவில் தங்கம் இல்லை, எலிகள்தான் இருக்கின்றன என்று டிக் கண்டுபிடிக்கும்போது அரங்கம் சிரித்ததென்றால், அது தெரிந்தவர்களின் சிரிப்பு.

சிண்ட்ரெல்லாவின் அப்பா பான்டோவில் நொடித்துப்போன ஒரு பிரபு. பெயரிலேயே பஞ்சம் தொனிக்கும்: பாரன் ஹார்டப். ஆங்கிலத்தில் ‘ஹார்ட் அப்’ என்றால் கையில் காசில்லாத நிலை. பட்டம் இருக்கிறது, பணம் இல்லை. வீட்டுச் சாமான்களை ஜப்தி செய்ய இருவர் வந்து நிற்பார்கள். அவர்களே கதையின் கோமாளிகள். ஜப்திக்காரன் கதவைத் தட்டும் பயத்தை நிஜத்தில் அறிந்தவர்கள் முன்னால், அவன் வழுக்கி விழுந்து முகமெல்லாம் மாவுக் கூழாவதைக் காட்டுவது சாதாரண வேடிக்கை அல்ல. அதே வீட்டில் பட்டன்ஸ் என்ற வேலைக்காரப் பையன் இருக்கிறான். பெரிய வீட்டு ஏவலாளின் சட்டையில் வரிசையாகப் பொத்தான்கள் இருக்கும்; பெயர் அதிலிருந்து வந்தது. பட்டன்ஸ் சிண்ட்ரெல்லாவைக் காதலிக்கிறான். அவளுக்கு அது தெரியாது, அல்லது தெரிந்தும் தெரியாதது போல் இருக்கிறாள். அரங்கத்தின் அன்பெல்லாம் அவனுக்கு, கல்யாணம் இளவரசனுக்கு. பிரிட்டனில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் வீட்டுவேலை செய்து பிழைத்த நூற்றாண்டின் படைப்பு அவன். எல்லாப் பான்டோ பாத்திரங்களிலும் எனக்கு நம்பகமானவன் இவன் ஒருவன்தான்.

ஜாக்கின் கதையிலும் வாடகை பாக்கிக்காகத்தான் பசுவை விற்கிறார்கள். ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஜாக் அரக்கனைக் கொன்று பொன்னோடு இறங்கி வருகிறான். வாடகை முறையை யாரும் மாற்றுவதில்லை. டிக் மேயராகிறான், அடுத்து மூட்டையோடு வரும் பையனுக்கு அதனால் என்ன ஆயிற்று என்று கதை சொல்வதில்லை. மேல்தட்டினரை இரண்டரை மணி நேரம் சேற்றில் புரட்டிவிட்டு, கடைசிக் காட்சியில் எல்லோரையும் பட்டாடை உடுத்தி அரண்மனைப் படிக்கட்டில் இறக்கிவிடுவது பான்டோவின் வழக்கம். முணுமுணுக்க அனுமதி உண்டு, அவ்வளவுதான். இதைக் கலகக் கலை என்று புகழ்பவர்கள் அந்தப் படிக்கட்டை மறந்துவிடுகிறார்கள்.

மேடைக்குப் பின்னாலும் ஒரு சமூகம் இருந்தது. தேவதைகளாகவும் பூச்சிகளாகவும் பூக்களாகவும் ஆட ஏழை வீட்டுக் குழந்தைகளைக் கூட்டங்கூட்டமாக அமர்த்தினார்கள். பள்ளிப் படிப்பு கட்டாயமாகிவிட்ட காலத்தில், நள்ளிரவுக்கு வீடு திரும்பும் ஆறு வயதுத் தேவதைகளைப் பற்றிப் பெரும் விவாதம் எழுந்தது. அந்தக் கூலி வராவிட்டால் பனிக்காலத்தில் அடுப்பெரியாது என்றார்கள் சில பெற்றோர்கள். 1889-ஆம் ஆண்டுச் சட்டம் ஏழு வயதுக்குட்பட்டோர் மேடையில் வேலை செய்வதைத் தடுத்தது. ஏழு முதல் பத்து வயது வரை உரிமம் வேண்டும் என்றது.

டேம் பாத்திரத்தை அன்றைய ஏழை விதவையாக, வாடகை வீட்டுக்காரியாக, வண்ணாத்தியாக உயிரோடு நிறுத்தியவர் டான் லெனோ. 1860-இல் லண்டனில் வறுமையில் பிறந்து, மியூசிக் ஹால் எனப்படும் மதுச்சாலைக் கச்சேரி அரங்குகளில் பெயர் பெற்று, 1888 முதல் ஆண்டுதோறும் ட்ரூரி லேனில் நடித்தார். ஒல்லியான, குள்ளமான உடம்பு. கவலை தேங்கிய கண்கள். அவர் நடித்துக் காட்டிய பெண்கள் பக்கத்து வீட்டுச் சண்டையையும் செத்துப்போன கணவனையும் பற்றிப் பேசி, இடையிடையே பேச்சின் இழையைத் தொலைத்தபடி எங்கோ தொடங்கி எங்கோ முடிப்பார்கள். 1902-இல் அவருக்காகவே எழுதப்பட்ட மதர் கூஸில், அழகுக்கு ஆசைப்பட்டுப் பொன்முட்டையிடும் வாத்தை இழக்கும் ஏழைக் கிழவியாக நடித்தார். இரண்டே ஆண்டுகளில் மனநலமும் குலைந்து, 43 வயதில் இறந்தார்.

பிரின்சிபல் பாய்க்கு வருவோம். பெண்களின் கணுக்கால் தெரிந்தாலே கண்ணியக் குறைவு என்ற காலத்தில், இறுக்கமான காலுறையோடு ஒரு பெண் மேடையில் தொடையைத் தட்டி “வாருங்கள் தோழர்களே!” என்று முழங்கலாம், காரணம், அவள் பையனாக நடிக்கிறாளாம். கீழ்த்தளத்துக் கனவான்கள் கதைக்காகத்தான் வந்தார்கள் என்று நம்ப வேண்டியதில்லை. அதே வேளையில், வாக்குரிமையே இல்லாத பெண்கள் நிறைந்த அரங்கில், வாளேந்தி ஊரைக் காப்பாற்றுபவளும் ஒரு பெண்தான். காமமும் விடுதலையும் ஒரே காலுறைக்குள் இருந்தன; எது எவ்வளவு என்று பிரிப்பது வீண் வேலை. 1956-இல் லண்டன் பல்லேடியம் அரங்கில் நகைச்சுவை நடிகர் நார்மன் விஸ்டம் அலாவுதீனாக வந்தார்; 1964-இல் பாப் பாடகர் கிளிஃப் ரிச்சர்ட். பாப் பாட்டுக்கார ஆண்கள் கதாநாயகர்களானார்கள். இப்போது இரண்டு வழக்கமும் உண்டு.

ஆண் பெண்ணாவதும் பெண் ஆணாவதும் கண்டு குழந்தைகள் கைதட்டிய நாட்டில்தான், 1988-இல் வந்த சட்டப்பிரிவு 28, உள்ளாட்சி அமைப்புகள் தன்பாலீர்ப்பை ‘ஊக்குவிக்க’க் கூடாது என்றது. இங்கிலாந்தில் 2003 வரை அது நீடித்தது. அந்த ஆண்டுகளிலும் நகராட்சி அரங்குகளில் டேம்கள் முன்வரிசைக் கணவர் ஒருவரைத் தேர்ந்தெடுத்து இரவெல்லாம் கண்ணடித்துக்கொண்டுதான் இருந்தார்கள். மேடை மரபு என்ற பெயர் ஒட்டியிருந்தால் எதுவும் கண்ணில் படாது போலும்.

கண்ணில் படாமல் நீண்ட காலம் இருந்த இன்னொன்று அலாவுதீன். 1860 அக்டோபரில் பிரிட்டிஷ், பிரெஞ்சுப் படைகள் பீக்கிங் அருகே சீனப் பேரரசரின் கோடைக்கால அரண்மனையைக் கொள்ளையிட்டன; பிறகு பிரிட்டிஷ் படை அதை எரித்தது. அபினிப் போர்களின் இறுதிக்கட்டம் அது. ஆறு மாதம் கழித்து, 1861-இல், ஹென்றி ஜேம்ஸ் பைரன் எழுதிய அலாவுதீன் லண்டனில் மேடையேறியது. அலாவுதீனின் அம்மாவுக்கு அவர் வைத்த பெயர் விடோ ட்வாங்கி. ட்வாங்கே என்பது சீனாவிலிருந்து வந்த ஒரு மலிவான பச்சைத் தேயிலை. தேநீர்க் கோப்பையிலிருந்து எடுத்த பெயரோடு, லண்டன் பாணியில் வம்பளக்கும் ஒரு சீனத்துத் தாய்! பின்னர் அவர் சலவைக்கடைக்காரியானார். அவரைச் சுற்றி மஞ்சள் சாயமும் ஒட்டு மீசையுமாகப் போலிச் சீனர்கள் நூறாண்டுக்கு மேல் வலம் வந்தார்கள். யாரும் வன்மத்தோடு செய்யவில்லை என்பார்கள். உண்மையாகவே இருக்கலாம், பேரரசின் குடிமக்களுக்கு அது யோசிக்கவே தோன்றாத விஷயமாக இருந்தது, நமக்கு வேண்டிய செய்தியும் அதுதான். அண்மைக் காலத்தில் பல அரங்குகள் சீனாவை விட்டுவிட்டுக் கற்பனை ஊருக்குக் கதையை மாற்றிவிட்டன. கிண்டலான போலிச் சீனப் பெயர்களும் உதிர்ந்துவருகின்றன. மரபு போயிற்று என்று ஆண்டுதோறும் யாராவது புலம்புவதும் இப்போது மரபாகிவிட்டது.

இரண்டாம் உலகப் போரின்போது பான்டோ அரண்மனைக்குள்ளேயே போயிற்று. குண்டுவீச்சுக்குத் தப்ப விண்ட்சர் கோட்டையில் தங்கியிருந்த இளவரசிகள் எலிசபெத்தும் மார்கரெட்டும் 1941 முதல் 1944 வரை ஆண்டுக்கொரு பான்டமைம் நடித்தார்கள். வருங்கால அரசி பிரின்சிபல் பாயாகக் காற்சட்டை அணிந்து வந்தார். போர்வீரர்களுக்குப் பின்னல் ஆடை செய்யக் கம்பளி நூல் வாங்க நிதி திரட்டினார்கள். சட்டமியற்றும் மன்றத்தில் எவ்வளவு பேசினாலும் அரச குடும்பத்தோடு வராத நெருக்கம், அரசகுமாரி தொடையைத் தட்டி நிற்பதைப் பார்த்ததும் வந்துவிட்டது.

இன்றைய பான்டோவில் தொலைக்காட்சித் தொடர் நட்சத்திரங்கள் மின்னுகிறார்கள். புகழ் எங்கே விளைகிறதோ அங்கிருந்து ஆள் பிடிப்பது லெனோ காலத்து வழக்கம்தான். 2004-இல் ஷேக்ஸ்பியர் நடிகர் இயன் மெக்கெல்லன் ஓல்ட் விக் அரங்கில் விடோ ட்வாங்கியாக வந்தபோது சிலர் புருவம் உயர்த்தினார்கள், டிக்கெட்டுக்கோ அடிதடி. ஆனால் பான்டோவின் உயிர் உள்ளூரில்தான். யார்க் நகரில் பெர்விக் கேலர் நாற்பது ஆண்டு டேமாக நடித்து, தானே எழுதி, பார்வையாளர்கள் மீது மார்ஷ்மெல்லோ பிஸ்கட்டுகளை வீசி எறிந்தார். பல இனத்தவர் வாழும் கிழக்கு லண்டனின் ஹாக்னி எம்பயர் அரங்கில் கறுப்பினக் கலைஞர் கிளைவ் ரோ டேமாக வந்தபோது, அவருடைய பாட்டிலும் பேச்சிலும் கரீபிய அத்தைகள் எட்டிப் பார்த்தார்கள். அரக்கனின் ஊர் எப்போதும் பக்கத்து ஊர். பழுதான சாலையும் வராத ரயிலும் அந்தந்த ஊருடையவை. பிரதமர்கள் மாறுவார்கள், கேலிக்குரியவரின் இடம் காலியாக இருப்பதில்லை.

பணக்கணக்கும் இதில் உண்டு. பல உள்ளூர் அரங்குகள் பான்டோ வசூலை நம்பித்தான் ஆண்டின் மற்ற மாதங்களில் ஆள் வராத நாடகங்களைப் போடுகின்றன. 2020 டிசம்பரில் பெருந்தொற்றால் பெரும்பாலான பான்டோக்கள் நின்றபோது, அரங்க நிர்வாகிகள் கலங்கியது குழந்தைகளின் ஏமாற்றத்துக்காக மட்டுமல்ல.

டிசம்பரில் பிரிட்டனில் இருக்க நேர்ந்தால், பெரிய நட்சத்திரம் நடிக்கும் விலையுயர்ந்த டிக்கெட்டை விட்டுவிட்டு, ஒரு நடுத்தர நகரத்தின் அரங்குக்குப் போவது நல்லது. பகல் காட்சி என்றால் பள்ளிப் பிள்ளைகள் நிறைந்திருப்பார்கள். சத்தம் அதிகம், இரட்டை அர்த்தம் குறைவு. மாலைக் காட்சியில் இரண்டாவது சற்றுக் கூடும். தனியாகப் போகும் ஆண்கள் முன்வரிசையில் மட்டும் உட்காராமல் இருப்பது உத்தமம். டேம் தேடிக்கொண்டு வருவார்.